பிரேக் மிதி இறுகிப் போனால்



காரில் பிரேக் கெட்டுவிட்டது என்று ஒருவர் சொன்னால், மிதியை அழுத்தியதும் அது பஞ்சுபோல் அமுங்கித் தரைவரைக்கும் போயிருக்கும் என்றுதான் கேட்பவர் நினைத்துக்கொள்வார். அந்தக் கோளாறு எல்லாருக்கும் தெரிந்ததுதான். அதற்கு நேர்மாறான இன்னொன்றும் உண்டு. மிதி கீழே இறங்கவே இறங்காது. கருங்கல்லின் மேல் காலை வைத்ததுபோல் நிற்கும். வண்டியோ தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். பழைய கார் வைத்திருப்பவர்கள் இந்த இரண்டாவது கோளாற்றைச் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும். ஏனென்றால் முதல் கோளாற்றில் உயிரைக் காக்கும் வைத்தியம் எதுவோ, அதுவே இரண்டாவதில் ஆபத்தைக் கூட்டிவிடும். இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

நான் மலாக்கா மாநிலத்தில் டுரியான் துங்கால் பக்கம் குடியிருப்பவன். ரப்பர் மரங்கள் போய்ச் செம்பனையும், செம்பனை போய் வீடமைப்புப் பகுதிகளுமாக மாறிக்கொண்டு வரும் வட்டாரம் இது. தோட்டத்தை விட்டு வெளியே வந்த நம் குடும்பங்கள் பலவற்றில் இன்றைக்கும் ஒரு பழைய கார் இருக்கும். அப்பா வாங்கியது, அண்ணன் ஓட்டியது, இப்போது தம்பி கையில் இருப்பது. என்னுடையதும் அப்படிக் கைமாறி வந்த ஒரு கார்தான்.

மழை விட்டிருந்த ஒரு மாலை நேரம். மச்சாப் பக்கத்தில் உறவினர் வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். பின்னிருக்கையில் என் தாயாரும் என் மகளும் இருந்தார்கள். முன்னால் செம்பனைக் குலைகளை ஏற்றிக்கொண்டு ஒரு லாரி போனது. வளைவு வந்ததும் லாரி வேகத்தைக் குறைத்தது. நான் பிரேக்கை மிதித்தேன். கார் சற்றே தயங்கியது, அவ்வளவுதான். காலை எடுத்து மறுபடியும் மிதித்தேன். மிதி முன்னைவிட இறுகியிருந்தது. மூன்றாம் முறை அது அசையவே இல்லை. சின்ன வயதில் தோட்டத்து லாரி ஓட்டுநர்கள், "பிரேக் பிடிக்கலைன்னா விடாம பம்ப் பண்ணு" என்று பேசிக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். அதைத்தான் செய்தேன். பிறகு கியரை இறக்கி, கைப்பிரேக்கை இழுத்து, சாலையோரப் புல்தரையில் ஏற்றி ஒருவழியாக நிறுத்தினேன். லாரியின் பின்பலகைக்கும் என் காருக்கும் நடுவில் ஒரு முழம் இருந்திருக்கும்.

இதில் நான் வெட்கப்பட வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. மிதி அன்றைக்குத் திடீரென்று இறுகிவிடவில்லை. இரண்டு மூன்று வாரங்களாகவே கனத்துக்கொண்டு வந்தது. ஒரு பட்டறையில் காட்டினேன். பிரேக் பேடு தேய்ந்துவிட்டது என்று சொல்லி மாற்றிக் கொடுத்தார்கள். பணம் போனது, மிதி அப்படியே இருந்தது. என் மாமா ஒருவர் ஓட்டிப் பார்த்துவிட்டு, "பிரேக் நல்லா டைட்டா இருக்கு மாப்பிள்ளை, இதுதான் சரி" என்றார். நானும் அதை நம்பினேன்.

மாமாவின் மேல் குற்றம் சொல்வதற்கில்லை. அவர் ஓட்டிப் பழகியது மோரிஸ் மைனர். அந்தக் காலத்துச் சிறிய கார்களில் பிரேக்குக்கு ஓட்டுநரின் கால்பலத்தைத் தவிர வேறு துணை கிடையாது. மிதி கனமாகத்தான் இருக்கும். நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக். டிரம் பிரேக்கில் ஒரு வசதி உண்டு. சுழன்றுகொண்டிருக்கும் டிரம் பிரேக் கட்டையைத் தன்னோடு இழுத்து, தானாகவே இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொள்ளும். பிறகு முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் வந்தது. அது வெப்பத்தை நன்றாகத் தாங்கும்; மழையில் நனைந்தாலும் சீக்கிரம் உலர்ந்துவிடும். ஆனால் டிரம்மைப்போல் தன்னைத்தானே இறுக்கிக்கொள்ளாது. அதை இறுகப் பிடிக்க வைப்பதற்குக் கால்பலம் போதாது. அதனால் ஒரு துணைக்கருவி தேவைப்பட்டது. நம் பட்டறைகளில் அதைச் 'சர்வோ' என்பார்கள். 'பூஸ்டர்' என்று சொல்பவர்களும் உண்டு.

1985ஆம் ஆண்டு ஜூலை மாதம் வெளிவந்த முதல் புரோட்டோன் சாகா இந்த ஏற்பாட்டைக் கொண்டதுதான். மிட்சுபிஷி லான்சர் ஃபியோரே காரை அடிப்படையாக வைத்துச் செய்யப்பட்ட அந்தக் கார், சிற்சில மாற்றங்களுடன் 2008 வரையில் தயாரிக்கப்பட்டது. முன்னால் டிஸ்க், பின்னால் டிரம், மிதிக்குத் துணையாகச் சர்வோ. அதே காலத்து ஜப்பானியக் கார்கள் பலவற்றிலும் இதே அமைப்புத்தான். எனவே நான் இனிமேல் சொல்லப்போவது ஏதோ ஒரு காருக்கு மட்டும் உரியதன்று.

எஞ்சின் மூடியைத் திறந்து ஓட்டுநர் பக்கத்தில் பாருங்கள். உட்புறத் தடுப்புத் தகட்டில், பெரிய சட்டியொன்றைப் படுக்கவைத்துப் பொருத்தியதுபோல், கறுப்பு வண்ணத்தில் ஓர் உருண்டையான தகரக் கூடு இருக்கும். அதுதான் சர்வோ. அதன் முன்பக்கத்தில் மாஸ்டர் பம்பும், அதன் தலைமேல் பிரேக் ஆயில் ஊற்றும் பிளாஸ்டிக் டப்பாவும் இருக்கும். பெருவிரல் பருமனுள்ள ரப்பர் குழாய் ஒன்று சர்வோவிலிருந்து கிளம்பி எஞ்சினுக்குப் போகும். இந்த மூன்றையும், முக்கியமாக அந்த ரப்பர் குழாயையும், மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தகரக் கூட்டுக்குள் நடுவே ஒரு ரப்பர் திரை கூட்டை இரண்டு அறைகளாகப் பிரித்துக்கொண்டு நிற்கிறது. பெட்ரோல் எஞ்சின் ஓடும்போது காற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கும் அல்லவா? அந்த உறிஞ்சு குழாயோடுதான் நாம் பார்த்த ரப்பர் குழாய் சேர்கிறது. அதன் வழியே எஞ்சின் சர்வோவின் இரண்டு அறைகளிலிருந்தும் காற்றை இழுத்துவிடுகிறது. இரண்டு பக்கமும் ஒரே நிலை. ஆகவே திரை அசைவதில்லை. நீங்கள் மிதியைத் தொட்டதும் பின்னறைக்குள் ஒரு சிறு வாசல் திறந்து வெளிக்காற்று புகுகிறது. முன்னறையில் காற்று குறைவு; பின்னறையில் முழுக் காற்று. காற்று திரையை முன்னால் தள்ள, திரை மாஸ்டர் பம்பைத் தள்ளுகிறது.

வெறும் காற்று எவ்வளவு தள்ளிவிடும் என்று கேட்கலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். திரையின் குறுக்களவு 20 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அதன் பரப்பு ஏறக்குறைய 314 சதுர சென்டிமீட்டர். எஞ்சின் மெதுவாக ஓடிக்கொண்டிருக்கும்போது உறிஞ்சு குழாயின் அழுத்தம், வெளிக்காற்றைவிடச் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 0.6 கிலோ குறைந்திருக்கும். இரண்டையும் பெருக்கினால் 188 கிலோ வருகிறது. இரண்டு மூட்டைச் சிமெண்டும் அவற்றின் மேல் ஆள் ஒருவரும் ஏறி நின்றதற்குச் சமமான பலம் உங்கள் பாதத்துக்குத் துணையாக வருகிறது. பெல்ஜிய நாட்டுப் பொறியாளர் ஆல்பெர்ட் டிவாண்ட்ர் உருவாக்கிய இந்த ஏற்பாட்டை, ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1927இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது.

ஆகவே மிதி இறுகிவிட்டது என்றால் பெரும்பாலும் பிரேக் போய்விட்டது என்று பொருளில்லை. துணைக்கு நின்றவன் போய்விட்டான் என்று பொருள். மாஸ்டர் பம்பு இருக்கிறது, ஆயில் இருக்கிறது, பேடு இருக்கிறது. ஆனால் வழக்கமாக அழுத்துவதைப்போல் மூன்று நான்கு மடங்கு பலத்தோடு அழுத்தினால்தான் வண்டி நிற்கும்.

இப்போது அந்த 'பம்ப் பண்ணு' என்ற பேச்சுக்கு வருவோம். மிதி பஞ்சுபோல் அமுங்கினால், பிரேக் ஆயிலில் காற்று புகுந்திருக்கும், அல்லது ஆயில் குறைந்திருக்கும். அப்போது விட்டுவிட்டு மிதித்தால் ஒவ்வொரு மிதிக்கும் கொஞ்சம் ஆயில் முன்னால் போய் மிதி மேலே ஏறும். அந்தக் கோளாற்றுக்கு அது சரியான வைத்தியம். இறுகிய மிதிக்கு அது விஷம். சர்வோவின் வாயில் ஒருவழி வால்வு ஒன்று இருக்கிறது. எஞ்சின் நின்றுவிட்டாலும் உள்ளேயிருக்கும் வெற்றிடம் உடனே போய்விடாமல் அது தடுத்து வைக்கும். அப்படிச் சேமித்து வைத்தது இரண்டு மூன்று மிதிக்குத்தான் காணும். மிதியை அழுத்தி விடும் ஒவ்வொரு தடவையும் வெளிக்காற்று உள்ளே வந்து அந்தச் சேமிப்பைத் தின்றுவிடும். நான் நான்கு தடவை பம்ப் பண்ணினேன். இருந்த கையிருப்பை நானே தீர்த்துவிட்டேன்.

மிதி இறுகியது தெரிந்தால் செய்ய வேண்டியது இதுதான். காலை எடுக்கக் கூடாது. ஒரே அழுத்தாக, உடம்பின் பலத்தையெல்லாம் கொடுத்து அழுத்த வேண்டும். வேண்டுமானால் இரண்டு காலாலும் அழுத்தலாம்; முதுகை இருக்கையில் நன்றாக ஊன்றிக்கொண்டால் பலம் கிடைக்கும். அதோடு கியரை ஒவ்வொன்றாக இறக்குங்கள். கைப்பிரேக் கம்பியால் இயங்குவது. சர்வோவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதை வெடுக்கென்று இழுக்காமல், பொத்தானை அழுத்திப் பிடித்தபடி சிறுகச் சிறுக இழுக்க வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் பின்சக்கரங்கள் பூட்டிக்கொண்டு வண்டி சுற்றிவிடும், ஈரச் சாலையில் கேட்கவே வேண்டாம். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தால் அதை அணைக்காதீர்கள். சாவியைத் திருப்பி வெளியே எடுத்துவிட்டால் ஸ்டீயரிங்கும் பூட்டிக்கொள்ளும்.

பெட்ரோல் மிச்சம் பிடிப்பதற்காக இறக்கத்தில் எஞ்சினை அணைத்துவிட்டு உருட்டிக்கொண்டு போகும் பழக்கம் நம்மிடையே பழைய ஆட்கள் சிலருக்கு உண்டு. மோரிஸ் மைனரில் அது ஓரளவு தப்பித்துக்கொள்ளக்கூடிய முட்டாள்தனம். சர்வோ வைத்த காரில் இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு அவரும் அன்றைக்கு நான் இருந்த நிலைமைக்குத்தான் வருவார்.

மறுநாள் காலையில் காரை முதல் கியரிலேயே ஊர்ந்து ஓட்டிக்கொண்டு வேறொரு பட்டறைக்குப் போனேன். (அதுவும் செய்திருக்கக் கூடாது, இழுவை வண்டியைக் கூப்பிட்டிருக்க வேண்டும்.) சாலையோரத்தில் தகரக் கூரை போட்டு அந்தப் பட்டறையை நடத்தி வந்தவர் வயதானவர். நான் நடந்ததைச் சொன்னதும், "எத்தனை தடவை மிதிச்சீங்க தம்பி?" என்று கேட்டார். "நாலு தடவை இருக்கும் அண்ணே" என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். சக்கரத்தைக் கழற்றவில்லை, ஸ்பேனரைக்கூடக் கையில் எடுக்கவில்லை. என்னையே ஓட்டுநர் இருக்கையில் உட்காரச் சொன்னார்.

எஞ்சின் அணைந்திருக்கும்போது மிதியை ஐந்தாறு தடவை அழுத்தி விடச் சொன்னார். மிதி இறுகியது. அது இறுகத்தான் வேண்டும், சேமிப்பு தீர்ந்துவிட்டது. பிறகு மிதியின் மேல் அளவான அழுத்தம் கொடுத்துக் காலை அப்படியே வைத்துக்கொண்டு எஞ்சினைக் கிளப்பச் சொன்னார். "சர்வோ நல்லா இருந்தா மிதி உங்க காலுக்குக் கீழே கொஞ்சம் இறங்கணும். இறங்குதா?" என்றார். இறங்கவில்லை. என் புதுப் பேடுகளுக்கும் இந்தக் கோளாற்றுக்கும் சம்பந்தமே இல்லை என்பது அந்த ஒரு நிமிடத்தில் தெரிந்துவிட்டது.

இதே வரிசையில் இன்னும் இரண்டு சோதனைகள் உண்டு. எஞ்சினை ஒன்றிரண்டு நிமிடம் ஓடவிட்டு அணைத்து, சில நிமிடங்கள் கழித்து மிதித்துப் பார்க்க வேண்டும். முதல் மிதி தாராளமாக இறங்கி, அடுத்தடுத்த மிதிகள் சிறிது சிறிதாக உயர்ந்தால், வால்வும் கூடும் காற்றைப் பிடித்து வைத்திருக்கின்றன. முதல் மிதியிலேயே இறுக்கம் என்றால் எங்கோ கசிவு. மூன்றாவது சோதனையில், எஞ்சின் ஓடும்போது மிதியை அழுத்திப் பிடித்தபடியே எஞ்சினை அணைத்து அரை நிமிடம் காத்திருக்க வேண்டும். மிதி காலை மேலே தள்ளிக்கொண்டு எழுந்தால் சர்வோவுக்குள்ளேயே கசிவு இருக்கிறது. இவை மூன்றையும் வீட்டு வாசலிலேயே செய்து பார்க்கலாம். சமதரையாக இருக்க வேண்டும், கைப்பிரேக் போட்டு கியரை நியூட்ரலில் வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

துணை வரவில்லை என்று தெரிந்தவுடன் சர்வோவையே மாற்றிவிடுவது பலர் செய்யும் தவறு. அது விலை கூடிய சாமான். அதற்கு முன்னால் பார்க்க வேண்டிய மலிவான சாமான் அந்த ரப்பர் குழாய்தான். பெரியவர் எஞ்சினை ஓடவிட்டு, குழாயைச் சர்வோ பக்கத்திலிருந்து கழற்றி, அதன் வாயைப் பெருவிரலால் மூடச் சொன்னார். விரலைப் பிடித்து இழுக்க வேண்டும். என் விரலில் ஏதோ மெல்லிய முத்தம் கொடுத்ததுபோல்தான் இருந்தது. குழாய் கழன்றிருக்கும்போது எஞ்சின் தடுமாறி ஏறக்குறைய நின்றுபோக வேண்டும். வெளிக்காற்று அந்த வழியாக உள்ளே பாய்வதால் அப்படி. என் எஞ்சினோ ஒன்றும் நடக்காததுபோல் ஓடிக்கொண்டிருந்தது. குழாய் அடைபட்டிருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

வெளியே பார்த்தால் அதில் ஒரு வெடிப்பும் இல்லை, பளபளப்பாகக்கூட இருந்தது. அதுதான் ஏமாற்றம். எனக்கு முன்னால் காரை வைத்திருந்தவர் எஞ்சின் வேலை செய்தபோது யாரோ அந்த இடத்தில் தண்ணீர்க் குழாய் ஒன்றை வெட்டிப் போட்டிருக்கிறார்கள். தண்ணீர்க் குழாய் உள்ளிருந்து வரும் அழுத்தத்தைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டது. சர்வோ குழாயில் நடப்பது உறிஞ்சல். எஞ்சினின் சூட்டில் குழாய் இளகியதும், உறிஞ்சலில் அதன் சுவர்கள் உட்புறமாக ஒட்டிக்கொள்கின்றன. வாயால் பலமாக உறிஞ்சினால் பானக்குழல் சப்பையாகிறதே, அதுபோல. எஞ்சின் ஆறியதும் பழையபடி விரிந்துகொள்ளும். எனக்குக் காலையில் மிதி ஓரளவு நன்றாகவும், ஒரு மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு கனமாகவும் இருந்ததன் மர்மம் இதுதான். நாளடைவில் குழாயின் உள்தோல் தனியாக உரிந்துவிட்டது. அதன் பிறகு ஆறினாலும் விரிவதில்லை. சரியான குழாயும்கூட வயதானால் இப்படி உள்தோல் உரியும், நுனிகளில் வெடிக்கும், எண்ணெய் பட்டால் ஊதிப்போகும். ஆகவே கடையில் கேட்கும்போது சர்வோவுக்கு உரிய குழாய் என்று கேட்டு வாங்குங்கள்.

அந்தக் குழாயின் ஒரு முனையிலோ குழாய்க்குள்ளேயோதான் நான் முன்பு சொன்ன ஒருவழி வால்வு இருக்கும். வாயால் ஊதிப் பார்த்தால் ஒரு பக்கம் காற்று போக வேண்டும், மறுபக்கம் போகக் கூடாது. இரண்டு பக்கமும் போனாலும் கெட்டது, போகாவிட்டாலும் கெட்டது. அதன் மேல் அம்புக்குறி போட்டிருந்தால் அது எஞ்சினைப் பார்த்து இருக்க வேண்டும். குழாய் மாற்றிய கையோடு வால்வைத் திருப்பிப் பொருத்திவிட்டு, 'புதுச் சாமான் போட்டும் மிதி இறுக்கமாகவே இருக்கிறதே' என்று தலையைச் சொறிபவர்கள் உண்டு.

குழாயும் வால்வும் நன்றாக இருந்தும் விரலில் இழுப்பு இல்லையென்றால், குறை எஞ்சினில் இருக்கிறது. தீப்பொறி விழும் நேரம் பின்தங்கியிருந்தாலும், வால்வுகள் சரியாக மூடாவிட்டாலும், உறிஞ்சு குழாயின் கேஸ்கெட் ஒழுகினாலும் எஞ்சினுக்கு உறிஞ்சும் சக்தி குறைந்துவிடும். அப்படிப்பட்ட எஞ்சின் நின்ற இடத்திலேயே நடுங்கிக்கொண்டிருக்கும். டீசல் வண்டிகளின் கதை வேறு. டீசல் எஞ்சினின் காற்று வழியில் பெட்ரோல் எஞ்சினில் இருப்பதுபோன்ற தடுப்பு இல்லாததால் அங்கே வெற்றிடம் உண்டாவதில்லை. அதற்காகத் தனியாக ஒரு வெற்றிடப் பம்பு வைத்திருப்பார்கள். தோட்டங்களில் ஓடும் பழைய ஜப்பானியப் பிக்கப் வண்டிகள் பலவற்றில் அது ஆல்டர்னேட்டரின் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆல்டர்னேட்டர் பெல்ட் அறுந்தால் பேட்டரி விளக்கு எரிவதோடு பிரேக் மிதியும் இறுகும். அந்த வண்டி ஓட்டுபவர்கள் பேட்டரி விளக்கை அலட்சியப்படுத்தக் கூடாது.

இவ்வளவுக்கும் பிறகுதான் சர்வோவைச் சந்தேகிக்க வேண்டும். மிதியை அழுத்திப் பிடித்திருக்கும்போது காலடியில் 'உஸ்' என்ற சத்தம் நிற்காமல் வந்தாலோ, மிதிக்கும்போதெல்லாம் எஞ்சின் தடுமாறினாலோ, உள்ளேயிருக்கும் ரப்பர் திரை கிழிந்திருக்கும். திரை ஏன் கெட்டது என்பதையும் பார்த்துவிட வேண்டும். வெளியே எங்கும் ஒழுகாமலே பிரேக் ஆயில் குறைந்துகொண்டு வந்தால், மாஸ்டர் பம்பின் பின்பக்க ரப்பர் தேய்ந்து ஆயில் சர்வோவுக்குள் இறங்குகிறது. பம்பும் சர்வோவும் சேருமிடத்தில் கறுப்பு வண்ணம் உரிந்திருப்பது அதற்கு அடையாளம். பிரேக் ஆயில் வண்ணத்தைத் தின்றுவிடும். அந்த நிலையில் சர்வோவை மட்டும் மாற்றினால் சில மாதங்களில் புதியதும் நனைந்துபோகும். இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

பழைய கார்களைப் பிரித்து விற்கும் பொத்தோங் கடைகளில் சர்வோ மலிவாகக் கிடைக்கும். வாங்கலாம். ஆனால் அதற்குள் இருக்கும் ரப்பருக்கும் உங்கள் காரின் வயதுதான். வாயால் உறிஞ்சி, நாக்கால் அடைத்துப் பார்த்துவிட்டு வாங்குபவர்களை நான் பார்த்திருக்கிறேன். உள்ளே பிரேக் ஆயில் இருந்தால் அது வாய்க்குள் போகும், அது நஞ்சு. கைப் பம்பு வைத்துச் சோதித்துத் தரச் சொல்லுங்கள். இன்னொன்று: சர்வோவிலிருந்து மாஸ்டர் பம்பைத் தள்ளும் தண்டின் நீளத்தைச் சரிபார்த்துத்தான் பூட்ட வேண்டும். அது ஓர் இழை நீண்டிருந்தாலும் பிரேக் முழுவதும் விடாமல் உரசிக்கொண்டே இருக்கும், சக்கரம் காயும்.

சர்வோ நன்றாக வேலை செய்கிறது, சோதனையில் மிதி இறங்குகிறது, ஆனாலும் வண்டி நிற்க மாட்டேன் என்கிறது என்றால், சக்கரப் பக்கம் போக வேண்டியதுதான். காலிப்பரின் பிஸ்டன் துருப்பிடித்து இறுகியிருக்கலாம். சக்கரத்துக்குப் போகும் வளையும் ரப்பர் குழாய் உட்புறம் ஊதி அடைந்திருக்கலாம். பேடின் முகம் கண்ணாடிபோல் மெருகேறியிருக்கலாம். பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கும், அல்லது ஒரு சக்கரம் மட்டும் அதிகமாகச் சுடும். பழைய கட்டைகளில் கல்நார் இருக்கக்கூடும் என்பதால் டிரம்முக்குள் இருக்கும் தூசியை வாயால் ஊதிச் சுத்தம் செய்யாதீர்கள்.

இங்கே ஒரு பெயர்க் குழப்பத்தைச் சொல்லியாக வேண்டும். நாம் 'பிரேக் ஆயில்' என்கிறோம், மலாய்க்காரர்கள் 'மிஞ்ஞாக் பிரேக்' என்கிறார்கள். இரண்டு மொழியிலும் எண்ணெய் என்றே பெயர். ஆனால் நம் கார்களில் ஊற்றும் டாட் 3, டாட் 4 வகைகள் எண்ணெயே அல்ல. தண்ணீரோடு கலக்கும் கிளைக்கால் வகைத் திரவம். பெயரை நம்பி, டப்பாவில் குறைந்துவிட்டது என்று கையில் கிடைத்த எஞ்சின் எண்ணெயையோ பவர் ஸ்டீயரிங் எண்ணெயையோ ஊற்றிவிடுபவர்கள் இருக்கிறார்கள். மண்ணெண்ணெயில் ஊறிய ரப்பர் வாஷர் எப்படி உப்பும் என்று பார்த்திருப்பீர்கள். அதேபோல் பிரேக்கிலுள்ள ரப்பர்கள் அத்தனையும் உப்பி, பிஸ்டன்கள் இறுகி, போட்ட பிரேக் விடாது. சந்தேகமிருந்தால் டப்பாவிலிருந்து சில சொட்டு எடுத்து ஒரு கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் விட்டுக் கலக்குங்கள். கலந்துவிட்டால் சரி. மேலே எண்ணெயாக மிதந்தால் காரை நகர்த்தாதீர்கள். திரவத்தை மாற்றினால் மட்டும் போதாது, எண்ணெய் பட்ட ரப்பர்களை எல்லாம் மாற்றியாக வேண்டும்.

நம் மலாக்கா வட்டாரம் பெரும்பாலும் மேடுபள்ளம் அதிகமில்லாத பூமி. விடுமுறைக்குக் கேமரன் மலைக்கோ கெந்திங் மலைக்கோ போகிறவர்களுக்கு இன்னொரு வகை இறுக்கம் காத்திருக்கிறது. நீண்ட இறக்கத்தில் பிரேக்கில் கால் வைத்துக்கொண்டே இறங்கினால், கட்டைகள் காய்ந்து பிடிப்பை இழந்துவிடும். மிதி உறுதியாக உயரத்திலேயே நிற்கும், சர்வோவும் ஒழுங்காக இருக்கும், ஆனால் வண்டியின் வேகம் குறையாது. கருகிய வாடை வரும். இன்னும் சூடேறினால் பிரேக் ஆயிலே கொதித்து, மிதி இறுக்கத்திலிருந்து பஞ்சு நிலைக்கு மாறிவிடும். டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது 205 டிகிரி செல்சியஸ் வரைக்குமாவது கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரத்தை உறிஞ்சிப் பழசானால் அந்த அளவு 140 டிகிரிவரை இறங்கிவிடலாம். நம் நாட்டு ஈரக் காற்றில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அதை மாற்றச் சொல்வது இதனால்தான். இறக்கத்தின் தொடக்கத்திலேயே இரண்டாம் கியருக்கு வந்துவிட்டால் பாதிச் சுமையை எஞ்சின் ஏற்றுக்கொள்ளும். வாடை வந்துவிட்டால் ஒதுக்கி நிறுத்தி ஆற விடுங்கள்; தண்ணீர் ஊற்றாதீர்கள், டிஸ்க் வளைந்துபோகும்.

என் காருக்கு அன்றைக்குப் போட்டது ஒரு குழாயும் இரண்டு கிளிப்பும்தான். பத்து ரிங்கிட்கூட ஆகவில்லை. கூலி வாங்கப் பெரியவர் மறுத்துவிட்டார். கழற்றிய குழாயை நீளவாக்கில் கத்தியால் பிளந்து என் கையில் கொடுத்தார். உள்தோல் நாக்கைப்போல் மடிந்து வழியை அடைத்துக்கொண்டிருந்தது. அதை வீட்டுக்குக் கொண்டுவந்து மாமாவிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுக்காடா இவ்வளவு பாடு" என்றார்.

பொதுவாகத் தனியார் கார்களுக்கு நம் நாட்டில் ஆண்டுதோறும் கட்டாயச் சோதனை கிடையாது. கார் கைமாறும்போது சோதிப்பார்கள். அதன் பிறகு பத்து ஆண்டு ஓட்டினாலும் யாரும் கூப்பிட்டுக் கேட்கப்போவதில்லை. அதனால் காலையில் சாவியைத் திருப்புவதற்கு முன்னால் நான் இப்போது நான்கைந்து தடவை மிதியை அழுத்திவிட்டு, காலை அதன் மேல் வைத்தபடியே எஞ்சினைக் கிளப்புகிறேன். பத்து வினாடி வேலை. மிதி காலுக்குக் கீழே இரண்டு விரற்கடை இறங்குகிறது. இறங்காத அன்று காரை வீட்டிலேயே விட்டுவிட்டுப் பேருந்தில் போவதாக என் தாயாரிடம் சொல்லியிருக்கிறேன். காரில் ஏறும்போதெல்லாம் அவர் பின்னிருக்கையிலிருந்து, "இறங்குச்சா?" என்று கேட்காமல் இருப்பதில்லை.